ஆடைத் தொழிற்சாலைப் பாதுகாப்பு ஒப்பந்தம்: தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்?

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆடைத் தொழிலாளர்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்து, கீழ்த்தளத்து வங்கி மூடிக்கொண்டது. மேலே தையல் வேலைக்கு மட்டும் ஆட்களை வரச்சொன்னார்கள். இத்தனைக்கும் அங்கே சில தொழிற்சாலைகளில் சமூகத் தணிக்கை, அதாவது வேலை நிலைமைகளைப் பார்க்கும் சோதனை, முடிந்திருந்தது. கட்டடம் நிற்குமா என்று பார்ப்பது அந்தத் தணிக்கையில் சேரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மாதமே வந்தது 'அக்கார்டு' ஒப்பந்தம். ஒரு பக்கம் துணி வாங்கும் பிராண்டுகள், மறுபக்கம் இண்டஸ்ட்ரியால், யூனி என்ற உலகத் தொழிற்சங்கங்கள். இதில் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி கட்டுப்பட வேண்டும். பேச்சு மாறினால் சங்கம் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அப்படிப் போன ஒரு வழக்கில் 2018-இல் ஒரு பிராண்டு 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

தீ, மின்சாரம், கட்டட உறுதி மூன்றையும் வெளிப் பொறியாளர்கள் பார்ப்பார்கள். அறிக்கை தொழிற்சாலையின் பெயரோடு வெளியாகும். குறைகளைச் சரிசெய்யக் கெடு உண்டு. மறுத்தால் முதலில் எச்சரிக்கை. அப்புறம் கையெழுத்திட்ட எல்லாப் பிராண்டுகளும் ஆர்டரை நிறுத்த வேண்டும். முதலாளி அசைவது பெரும்பாலும் இதற்குத்தான். பழுதுபார்க்கும் செலவு? அது தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகும்படி விலையையோ கடனையோ பேசி முடிப்பது பிராண்டின் பொறுப்பு. விலையை அடிமாட்டுக்குக் குறைத்துவிட்டு இரும்புக் கதவுக்குப் பதில் தீத்தடுப்புக் கதவு கேட்டால் யார் போடுவார்?

தொழிலாளிக்கு நேரடியாகச் சில உரிமைகள் உண்டு. ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும் இடத்தில் வேலை செய்ய மறுக்கலாம். அதற்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது. பெயர் வெளியே தெரியாமல் புகார் கொடுக்கலாம். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருப்பார்கள். சீரமைப்புக்காகத் தொழிற்சாலையை மூடினால் ஆறு மாதம் வரை வேலையும் வருமானமும் தொடர வேண்டும் என்று 2013 ஒப்பந்தமே சொன்னது.

2020 முதல் வங்கதேசத்தில் இந்த ஆய்வு வேலையை ஆர்எஸ்சி என்ற அமைப்பு நடத்துகிறது. அதில் முதலாளிகளுக்கும் இடம் உண்டு. 2021-இல் ஒப்பந்தம் சர்வதேச அளவுக்கு விரிந்து, பிறகு பாகிஸ்தானுக்கும் போனது.

கூலி எவ்வளவு என்பதில் இந்த ஒப்பந்தம் தலையிடாது. கையெழுத்திட்ட பிராண்டுக்குத் தைக்கும் தொழிற்சாலைகளுக்குத்தான் இது பொருந்தும். பிராண்டின் தொழிற்சாலைப் பட்டியலில் வராமல் கைமாற்றி வேலை வாங்கும் சின்னக் கொட்டகைகளுக்குள் அந்தப் பொறியாளர் நுழைவதில்லை.