சோம்பேறிச் சேமிப்பா, ஒத்திவைப்புச் சேமிப்பா?

இயங்குதளப் பாடமொன்றின் தமிழாக்கத்தை மெய்ப்புப் பார்த்தபோது ‘சோம்பேறிச் சேமிப்பு’ என்ற தொடர் மறுபடியும் எதிர்ப்பட்டது. ‘லேசி சேவ்’ (lazy save) என்பதற்கான இந்த ஆக்கத்தை இனியும் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

ஒரு செயல்முறையிடமிருந்து, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடமிருந்து, செயலியை வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது, முன்னதன் பதிவக மதிப்புகளை, அதாவது செயலிக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடங்களில் இருப்பவற்றை, இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் நினைவகத்தில் எழுதிவைக்க வேண்டும். எக்ஸ்86 வகைச் செயலிகளில் தசம எண் கணக்குகளுக்கான மிதவைப்புள்ளிப் பதிவகங்களும், பல எண்களை ஒருசேரக் கையாளும் எஸ்எஸ்இ பதிவகங்களும் சேர்ந்து 512 பைட் இடம் கேட்டன. இன்னும் அகலமான பதிவகங்களைக் கொண்ட ஏவிஎக்ஸ்-512 வந்தபின் அது 2,500 பைட்டையும் தாண்டியது. இந்தச் செலவைத் தவிர்க்க, இம்முறையில் கர்னல் அவற்றை அப்படியே விட்டுவிட்டு, செயலியின் கட்டுப்பாட்டுப் பதிவகமான சிஆர்0-இல் டிஎஸ் என்னும் ஒரே பிட்டை மட்டும் 1 ஆக்கிவைக்கும். புதிய செயல்முறை முதல் மிதவைப்புள்ளி ஆணையைத் தொட்டதும் செயலி அதை நிறுத்திக் கர்னலை அழைக்கும்; இதற்கு விதிவிலக்கு எழுப்புதல் என்று பெயர். அப்போதுதான் பழையவை சேமிக்கப்பட்டுப் புதியவை ஏற்றப்படும். தொடவே இல்லையென்றால் அந்த வேலை மிச்சம்.

ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் சோம்பல்தான். 1970களில் நிரல்மொழி ஆய்வாளர்கள் அதைக் கலைச்சொல்லாக்கினர். ஆனால் தமிழில் சோம்பேறி என்பது ஆளைக் குறிக்கும் வசைச்சொல். செய்ய வேண்டியதைச் செய்யாதவரையே அப்படி அழைக்கிறோம். இங்கோ கர்னல், பதிவகத்தில் கிடப்பவை யாருடைய மதிப்புகள் என்று குறித்துக்கொண்டு, காவலுக்கு ஒரு பிட்டையும் நிறுத்திய பிறகே நகர்கிறது. இத்தொடரைப் படித்த மாணவி ஒருவர், “அப்படியானால் சில மதிப்புகள் விடுபட்டுப் போகுமா?” என்று கேட்டார். அவரை அவ்வாறு எண்ணவைத்தது அந்தச் சொல். ‘தாமதச் சேமிப்பு’ என்பாரும் உளர். வண்டி தாமதம் என்றால் வர வேண்டிய நேரம் கடந்துவிட்டது என்று பொருள். இங்கே எந்த நேரமும் கடக்கவில்லை, தேவை இன்னும் எழவில்லை, அவ்வளவே.

‘ஒத்துதல்’ என்பதற்கு விலகுதல், தள்ளிப்போடுதல் என்ற பொருள்கள் உண்டு. வழக்கை ஒத்திவைக்கிறார்கள், கூட்டத்தை ஒத்திவைக்கிறார்கள். அறிந்தே தள்ளிவைப்பது என்ற குறிப்பு அதில் தெளிவாக உள்ளது. வீட்டை ஒத்திக்கு வைப்பதோடு குழம்பாதா என்று கேட்கலாம். நாளிதழ்களில் இரண்டும் நெடுங்காலமாக ஒன்றையொன்று இடறாமல் புழங்குகின்றன. ஆகவே ‘ஒத்திவைப்புச் சேமிப்பு’ என்பதே என் தேர்வு.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர்கள், இதன் எதிர்முறையான ‘ஈகர்’ சேமிப்பையும் ‘ஆர்வச் சேமிப்பு’ என்கிறார்கள். கர்னலுக்கு ஏது ஆர்வம்? அது ‘உடனடிச் சேமிப்பு’. ஒத்திவைத்த மதிப்புகள் பதிவகத்திலேயே கிடப்பதால், ஊக இயக்கத்தின் வழியே, அதாவது ஆணைகளைச் செயலி முன்கூட்டியே ஊகித்து இயக்கிப் பார்ப்பதன் வழியே, அடுத்த செயல்முறை அவற்றை அறியக்கூடும் என்ற பாதுகாப்பு ஓட்டை 2018-இல் இன்டெல் செயலிகளில் வெளிப்பட்டது. லினக்ஸ் 2016-இல் வந்த 4.6 பதிப்பிலேயே உடனடிச் சேமிப்பை இயல்பாக்கியிருந்தது. இந்த ஓட்டை எங்கே திறந்தது என்பதை ‘ஒத்திவைப்பு’ என்ற சொல்லே காட்டிவிடும். ‘சோம்பேறி’ என்று படித்தவரோ கர்னல் எதையோ மறந்துவிட்டது என்றே எண்ணுவார்.