கொப்பியில் எழுதாத கடன்

“மிஸ், இவனுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு. நீங்களாவது இறக்கி விடுங்க.”

தாய்மாமன் இப்படித்தான் ஆரம்பித்தார். பக்கத்தில் 19 வயது மருமகன் முழங்காலை ஆட்டியபடி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். மாத்தளையில் உளவளத்துணையாளராக வேலை பார்க்கும் எனக்கு இது பழகிய காட்சி. பிள்ளையைக் கூட்டிவருகிறவர் நோயையும் சொல்லிவிடுவார், மருந்தையும் சொல்லிவிடுவார். நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

இருவரிடமும் சம்மதம் வாங்கி, ஆள் தெரியாதபடி சில விபரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். பையனைச் சென்டர் என்று வைத்துக்கொள்வோம். சென்டர் ஃபோர்வர்ட் ஆடுகிறவன் என்பதால் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இலங்கையில் ஹொக்கி என்றால் மாத்தளைதான். தேசிய அணிக்கு ஆண்களையும் பெண்களையும் அனுப்பிக்கொண்டே இருக்கிற ஊர் இது. ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் டவுன் பள்ளிக்கூடங்களின் கதை. மேலே தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஒருவன் ஸ்டிக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மாகாண அணிவரை போவது அபூர்வம். அப்படிப் போனால் அவன் தனியாளாகப் போவதில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, அந்தக் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவழியாகத் தீர்ந்த மலையகத் தமிழ்ச் சனம் நாங்கள். எங்களில் ஒருவன் ஜெர்சி போட்டால் அந்த ஜெர்சிக்குள் தோட்டத்தின் ஒரு டிவிஷன் முழுக்க ஏறி உட்கார்ந்துவிடும். முரளியின் 800 விக்கெட்டை வேறு எடுத்து அளவுகோலாகப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். பையன் மூச்சு விடுவது எப்படி?

சரி, அவன் என்ன செய்தான்?

ஒரு இறுதிப் போட்டி. கடைசிக் கால்பகுதி, ஒரு கோல் பின்னால் இருக்கிறார்கள். சென்டர் இரண்டு பேரை வெட்டிக்கொண்டு, கோலுக்கு முன்னால் அரைவட்டமாக இருக்கும் ‘டீ’க்குள் நுழைகிறான். இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன், இரண்டு பேரையும் மறிக்க ஆளில்லை. இவன் யாருக்கும் கொடுக்கவில்லை. கோலே தெரியாத கோணத்திலிருந்து தானே அடித்தான், பந்து வெளியே போனது, தோற்றார்கள். அன்றிரவு அணியின் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டான்: “நான் இல்லாட்டி இவனுங்களுக்கு யாரு கைதட்டப்போறா?” அது குழுவுக்குள்ளேயே நிற்குமா? விடிவதற்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. கொழும்பில் ஒரு கழகம் அவனைச் சேர்த்துக்கொண்ட பிறகு வந்த திருவிழாவில், பரிசு கொடுக்கக் கூப்பிட்டதற்கு வேன் கூலி கேட்டான். கூலியும் கொடுத்தார்கள். வரவில்லை.

அவனைக் காப்பாற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. அவன் சுயநலமாகத்தான் நடந்தான். அந்தக் குரல்பதிவை நானும் கேட்டேன், எரிச்சல்தான் வந்தது.

அப்புறம் போனை வாங்கிப் பார்த்தேன். அவனுடைய பழைய படமொன்றின் கீழே நூற்றுக்கணக்கில் வசவு. ஆட்டத்தைப் பற்றி ஒரு பத்து இருந்திருக்கும். மிச்சமெல்லாம் அம்மா, சாதி, பிறப்பு. “லயத்து நாய்க்கு மெத்தை கேக்குதா” என்று ஒருவன் எழுதியிருந்தான். அவன் யாரென்று கேட்டேன். “எங்களுக்கு அடுத்த லயம், மிஸ். ஒண்ணாத்தான் படிச்சோம்” என்றான். லயத்திலிருந்துகொண்டே இன்னொருவனை லயத்து நாய் என்று எழுத ஒரு கைக்கு எவ்வளவு கோபம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை மாமன் பையிலிருந்து எடுத்து வைத்தார். அட்டை கிழிந்த சீ.ஆர். கொப்பி. முதன்முதலாக மாகாண அணிக்குப் போனபோது ஸ்டிக்கும் சப்பாத்தும் வாங்க, சம்பள நாளில், தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று சேர்த்த காசுக் கணக்கு. 41 பெயர். 200, 100, 50. ஒரு பெயருக்கு நேரே ‘20, மீதி அடுத்த சம்பளம்’ என்று இருந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021வரை காத்திருந்த இடத்தில், 200 ரூபாய் என்றால் ஒரு நாளில் ஐந்தில் ஒரு பங்கு.

“இதுல அவன் என்ன திருப்பிக் குடுக்கணும்னு எங்க எழுதியிருக்கு, அண்ணே?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் எழுதுவாங்களா மிஸ்? அவனுக்கே தெரிய வேணாமா?”

பையனிடம் கொப்பியைத் தள்ளினேன். அவன் அதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தான். ‘தோட்டத்துல காசு சேத்தாங்க’ என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். யார், எவ்வளவு என்று ஒருவரும் காட்டியதில்லை. கொடுத்தவர்களுக்கு அது கடன், வாங்கியவனுக்குப் பரிசு. இரண்டு பக்கமும் வாய்விட்டுப் பேசாமலே நாலு வருடம் ஓடிவிட்டது.

ரசிகர் உறவில் எனக்குத் திரும்பத் திரும்பத் தென்படுவது இதுதான். 1956இல் டொனால்ட் ஹோர்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்கர்கள், தொலைக்காட்சியில் வருகிறவர்களோடு பார்வையாளர்கள் ஒருபக்கமாகவே நெருக்கம் கொள்வதைப் பற்றி எழுதினார்கள். திரையில் தெரிகிறவரை நமக்கு நன்றாகத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. விளையாட்டில் இது இன்னும் கடுமை. மழையில் நனைந்து கத்தியிருக்கிறோம், பஸ் காசு செலவழித்திருக்கிறோம், ஆகவே நமக்கு ஏதோ வரவேண்டியிருக்கிறது என்று மனது கணக்கு வைத்துக்கொண்டே போகும். தோட்டத்தில் இன்னும் ஒரு படி மேல். இங்கே ரசிகர் என்றால் அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன்.

இது ஏதோ எங்கள் மலைக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். கனடாவில் ஐஸ் ஹொக்கி என்றால் உயிர். அங்கே கழகங்கள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தெரிந்தெடுக்கும். அப்படி எரிக் லிண்ட்ரோஸ் என்ற பையனை 1991இல் கியூபெக் நோர்டிக்ஸ் கழகம் முதல் ஆளாக எடுத்தது. அவர் அந்தக் கழகத்துக்கு ஆடவே மாட்டேன் என்று நின்றார். கடைசியில் பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டார்கள். 1992 ஒக்டோபரில் எதிரணிக்காரராகக் கியூபெக்கில் கால் வைத்தபோது, குழந்தையின் வாயில் வைக்கும் ரப்பர் சூப்பான்களை அவர்மேல் எறிந்தார்கள். நீ பச்சைப்பிள்ளை என்று அர்த்தம். அவருக்கும் அப்போது வயது 19.

ஒட்டாவாவில் அலெக்ஸி யாஷின் கதை வேறு. அணித்தலைவராக இருந்தவர், ஒப்பந்தத்தில் ஒரு வருடம் மிச்சம் இருக்கும்போதே சம்பளத்தைக் கூட்டச் சொல்லி, 1999–2000 பருவம் முழுவதையும் ஆடாமலே கழித்தார். அந்த ஒரு வருடத்தை ஆடித்தான் ஆகவேண்டும் என்று ஒப்பந்தத் தகராறை விசாரித்த மத்தியஸ்தரின் தீர்ப்பு வந்தது. திரும்பி வந்தவரைப் பார்த்துச் சொந்த ஊர் ரசிகர்களே ஊளையிட்டார்கள்.

இந்த இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள் என்று ரசிகர்களிடம் சொல்வேன். லிண்ட்ரோஸ் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. அவரைக் கேட்காமலே எடுத்தார்கள், வேண்டாம் என்றார். யாஷின் கையெழுத்துப் போட்டுவிட்டு மீறினார். முதலாவதில் நமக்கு ஏமாற்றம் வரலாம், இரண்டாவதில் கோபத்துக்கே நியாயம் உண்டு. எங்கள் சென்டர் செய்ததில் இரண்டும் கலந்திருக்கிறது. கொழும்புக்குப் போனது அவன் உரிமை. வேன் கூலியை வாங்கிக்கொண்டு வராமல் விட்டது வாக்கு மீறியது. இதைத் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னபோது மாமன் கொஞ்சநேரம் மேலே ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபக்காரனையும் சுயநலக்காரனையும் ரசிகர்கள் ஒன்றாக நினைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய ஹொக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை மைதானத்தில் முன்கோபத்துக்குப் பேர்போனவர். ஆனால் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம் ஆடிய அந்த மனிதரைச் சனம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. தங்களுக்காக ஓடுகிறான் என்று தெரிந்தால் சனம் எதையும் பொறுக்கும். தங்களை விலை பேசுகிறான் என்று பட்டுவிட்டால் பொறுக்காது.

இரண்டாவது தடவை சென்டர் தனியாக வந்தான். பெனால்டி கோர்னர் என்றால் என்ன என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது. மேசையிலிருந்த பேனா மூடிகளையும் ஸ்டேப்ளரையும் எடுத்து அடுக்க ஆரம்பித்தான். அதுவரை குனிந்திருந்த ஆள் நிமிர்ந்துவிட்டான். ஒருவன் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவான், ஒருவன் டீயின் விளிம்பில் அதை அப்படியே நிறுத்துவான், மூன்றாவது ஆள் சுழற்றி கோலுக்குள் விசிறுவான். பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் 348 சர்வதேசக் கோல் போட்டாராம், முக்கால்வாசி இப்படி வந்ததாம்.

“அவருக்குப் பந்த நிறுத்திக் குடுத்தது யாரு?”

தெரியவில்லை. யோசித்தான்.

“உனக்கு நிறுத்திக் குடுக்குறது?”

நீல மூடியைத் தொட்டுக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னான். “அவன்தான் மிஸ் குரூப்ப விட்டு மொதல்ல போனது.”

பிறகு அவனுடைய பழைய பயிற்றுவிப்பாளரோடு போனில் பேசினேன். ஒரே ஒரு கேள்விதான். கோல்காப்பாளரின் பையை யார் தூக்குவது? காலுக்குப் பாளம் பாளமாகப் பேட், நெஞ்சுக்குத் தட்டி, தலைக்கவசம் என்று மூட்டை மாதிரி இருக்கும். பிள்ளைகள் முறைவைத்துத் தூக்குவார்கள் என்றார். சென்டர்? “அவன் 14 வயசுலருந்து தூக்கல மிஸ். கைல அடிபட்டா மெட்ச் போயிருமே.” அவர் நல்ல மனிதர், பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் பனிஸ் வாங்கிக் கொடுப்பவர். ஆனால் ஐந்து வருடமாக, உனக்கு மட்டும் விதி வேறு என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. வீட்டிலும் அப்படித்தான். தங்கச்சி தண்ணீர் தூக்குவாள், அண்ணன் ஓய்வெடுப்பான். பெற்றோரும் பயிற்றுவிப்பாளர்களும் இதை வாசித்தால் அந்தப் பையை மட்டுமாவது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு முதலில் தூக்கக் கொடுக்க வேண்டியது அதுதான்.

இதற்கிடையில் நான் பயந்த விஷயம் வேறு. அவன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அந்த வசவுகளையே மீண்டும் மீண்டும் வாசித்துக்கொண்டிருந்தான். தோட்டத்து ஆட்கள் ஏறும் பஸ்ஸைத் தவிர்ப்பதற்காக ஒரு மணித்தியாலம் முந்தியே கிளம்பினான். ஸ்டிக் கட்டிலுக்கடியில் கிடந்தது. தூக்கம் கெடுவது, சாப்பாட்டைத் தள்ளிவைப்பது, பிடித்த ஒன்றைத் தொடாமலே விடுவது, ‘நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி’ என்ற மாதிரிப் பேச்சு, இவற்றில் எதைக் கண்டாலும் தலைக்கனம் இறங்குகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. கமென்ட் போடும் தம்பிமாருக்கும் ஒன்று: பாஸ் கொடுக்காததைத் திட்டுங்கள், நன்றாகவே திட்டுங்கள். அவன் அம்மா அந்த மெட்ச் ஆடவில்லை.

மன்னிப்புக் கேட்க அவனே முன்வந்தான். முகநூலில் போட ஒரு பந்தியும் எழுதிக்கொண்டு வந்தான். ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்கியது. அரசியல்வாதிகள் எழுதிப் பழக்கிவிட்ட வாசகம் இது. அந்தப் ‘பட்டிருந்தால்’தான் வில்லங்கம். புண்பட்டது தெரியும், யார் என்பதும் தெரியும், 41 பேர் பெயர் கொப்பியில் இருக்கிறது. அப்புறம் என்ன ‘ஆல்’? பந்தியை மடித்து வைக்கச் சொன்னேன். வேன் கூலியைத் திருப்பிக் கொடு, பந்தை நிறுத்துகிறவன் வீட்டுக்கு முதலில் போ, மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

நீல மூடிக்காரன் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது முறை திறந்தான், பேசவில்லை. மூன்றாவது முறை கிரவுண்டுக்கு வந்தான். இப்போதும் பழைய நெருக்கம் இல்லை என்றுதான் சென்டர் சொல்கிறான். மாமன் சமாதானமாகிவிட்டார். கமென்ட் போட்ட அடுத்த லயத்துக்காரன் எதையும் அழிக்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு வீடு வீடாகப் போயிருக்கிறான். சில வீட்டில் பிளேன்டீ, சில வீட்டில் ஏச்சு. கடைசியாக அந்த 20 ரூபாய்க்காரி, ஓய்வுபெற்ற ஒரு கிழவி. வாசலில் நின்று, “நான்தான் அப்பாயி, ஹொக்கி ஆடுற பையன், நீங்க ஸ்டிக் வாங்கக் காசு குடுத்தீங்க” என்றிருக்கிறான். அவர் கண்ணுக்குமேல் கையை வைத்து நெடுநேரம் பார்த்தாராம்.

“யாரு சாமி நீ? நான் சாவு வீட்டுக் காசுன்னுல்ல நெனச்சுக் குடுத்தேன்.”

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். என்னுடைய அறையில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. பாக்கி இருந்த அடுத்த சம்பளக் காசை அவர் கொடுக்கவே இல்லையாம். அதையும் சொல்லிச் சிரித்தான்.