நேற்று காலை 4 மணிக்கு என்ன செய்தீர்கள்?

கணக்கெடுக்க வருபவர் ஒரு பெண்ணிடம் "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று பதில் வரும். அதோடு பேனாவை மூடினால் அந்தப் பெண்ணின் நாளே காணாமல் போய்விடும். அதனால், ஒருவரின் நாள் எந்தெந்த வேலைக்குப் போகிறது என்று அளக்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கேள்வியை மாற்றுகிறது: நேற்று காலை 4 மணிக்கு என்ன செய்தீர்கள்? நாலரைக்கு? ஐந்துக்கு? இப்படி மறுநாள் காலை 4 வரை, அரைமணிக்கு ஒன்றாக 48 கட்டங்கள். 6 வயதான பிள்ளை முதல் தாத்தா வரை எல்லோருக்கும் இதே கேள்விகள்தான்.

1998-99இல் தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் இதை வெள்ளோட்டம் பார்த்தார்கள். நாடு முழுக்க முதன்முதலாக நடந்தது 2019இல். ஊதியமில்லா வீட்டுவேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டதாக அதில் தெரிந்தது. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று வீட்டுவேலை செய்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி இது. செய்தவர்கள் பெண்களில் 81.2%, ஆண்களில் வெறும் 26.1%. துடைப்பத்தையே தொடாதவர்களையும் சேர்த்து வகுத்தால் பெண்ணுக்கு சுமார் 243 நிமிடம், ஆணுக்கு 25. கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்று! வீட்டு நிலவரத்தைச் சொல்வது இந்தக் கணக்குதான்.

தாய்மையை அளப்பது இன்னும் சிக்கல். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, இடுப்பில் கைக்குழந்தை, எதிரே மூத்தது வாய்ப்பாடு ஒப்பிக்கிறது. அந்த அரைமணியைக் கேட்டால் "சமைச்சேன்" என்பார். ஒரு கட்டத்தில் மூன்று வேலைகள் வரை எழுதலாம், ஆனால் "அப்போ குழந்தை யார்கிட்ட இருந்துச்சு?" என்று கிண்டிக் கேட்டால்தான் மற்ற இரண்டும் ஏடேறும். குழந்தை தூங்கும்போது வீட்டைவிட்டு நகர முடியாமல் காவல் இருப்பதற்கும் அன்றாட வேலைகளை வகை பிரிக்கும் ஐ.நா.வின் 2016 பட்டியலில் தனிக் குறியீடு உண்டு. கேட்காவிட்டால் அந்த நேரம் ஓய்வு என்றோ டிவி பார்த்தது என்றோ பதிவாகிவிடும். 10 நிமிடத்துக்குக் குறைந்த வேலைகளுக்குக் கட்டத்தில் இடமே இல்லை. ஈரத்துணி மாற்ற 4 நிமிடம், தண்ணீர் புகட்ட 3 நிமிடம் என்று நாளெல்லாம் சிந்துகிற நேரம் எந்தக் கூட்டலிலும் சேராது.

பதிலை மாமியாரோ கணவரோ சொல்லாமல் அந்தப் பெண்ணே சொல்ல வேண்டும். இரவு 10 முதல் காலை 5 வரை 'தூக்கம்' என்று ஒரே கோடாக இழுப்பதற்கு முன்னால், பால் கொடுக்கும் தாயிடம் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க?