கயாக்கா, காத்துப் படகா?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரும் அவருடைய மச்சானும் மூச்சடக்கி முங்கி, ஈட்டியால் மீன் பிடிக்கப் பழகியிருக்கிறார்கள். ராமநாதபுரம் பக்கம் கரையோரமாக நீந்தியே போய்வந்தவர்களுக்கு இப்போது சின்னதாக ஒரு படகு வாங்க ஆசை. எந்தப் படகு என்பதில்தான் சண்டை. இவருக்கு, ஒடுங்கி நீண்டு துடுப்பு போட்டு ஓட்டுகிற கயாக். மச்சானுக்கு, மடித்து கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போய்க் கரையில் வைத்துக் காற்றடிக்கிற ரப்பர் படகு. "கயாக் கவுந்துடும், காத்துப் படகு கவுறாது" என்கிறாராம் மச்சான். அறிவியல் யார் பக்கம் என்று கேட்கிறார்.

கவிழ்கிற விஷயத்தில் மச்சான் பக்கம்தான். ஆனால் அதை வைத்துப் படகை முடிவுசெய்யக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் ஒரு எச்சரிக்கை. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஈட்டியோடு அந்தப் பக்கம் போகவே கூடாது. மற்ற இடங்களிலும் மீன்வளத் துறையிடமும் அந்த ஊர் மீனவர்களிடமும் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

சரி, படகு ஏன் கவிழ்கிறது? ஆர்க்கிமிடீஸ் தத்துவம் பள்ளியில் படித்ததுதான்: படகு ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு தண்ணீர் படகை மேலே தூக்குகிறது. அந்தத் தூக்கு எந்தப் புள்ளியில் வேலை செய்கிறது என்பதில்தான் கதையே இருக்கிறது. படகு நேராக நிற்கும்போது தூக்கு நட்டநடுவில், எடைக்கு நேர்கோட்டில் இருக்கும். வலப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கூடுதலாகத் தண்ணீருக்குள் இறங்கும், இடப்பக்கம் மேலே வந்துவிடும். உடனே தூக்கு மையமும் வலப்பக்கம் நகரும். யாரும் தள்ளவேண்டியதில்லை, சாய்ந்த பக்கத்திலேயே போய் நின்றுகொண்டு, சாய்ந்ததைத் தானே நிமிர்த்துகிறது. உங்கள் எடை விலகிய தூரத்தைவிடத் தூக்கு மையம் அதிகம் நகர்ந்தால் பிழைத்தீர்கள். குறைவாக நகர்ந்தால் கடல்தான்.

அது எவ்வளவு நகரும் என்பதைத் தீர்மானிப்பது அகலம். அதுவும் வெறும் அகலம் இல்லை, அகலத்தின் கனம்: அகலம் × அகலம் × அகலம். எனக்கு இந்தக் கணக்கு சலிப்பதே இல்லை. கயாக்கின் அகலம் 75 சென்டிமீட்டர், ரப்பர் படகு 150 என்று வைத்துக்கொள்வோம். அகலம் 2 மடங்கு, நிமிர்த்தும் திறன் 8 மடங்கு! நீளத்துக்கு இந்தச் சலுகை கிடையாது, அது நேர்விகிதம் மட்டுமே. கயாக் 3.6 மீட்டர், ரப்பர் படகு 2.4 மீட்டர் என்றால் அந்த 8, 5 சொச்சமாகக் குறையும். அப்போதும் 5 மடங்கு என்பது சின்ன விஷயமா?

இன்னும் ருசியான இடம் ஒன்று இருக்கிறது. 150 சென்டிமீட்டர் அகலத்தில் நடுவே 75 சென்டிமீட்டரை அப்படியே வெட்டி எடுத்துவிட்டால் திறன் எவ்வளவு போகும்? பாதி என்றுதான் கை சொல்ல வரும். போவது 8-இல் 1 பங்கு மட்டுமே. மிதப்பு முழுக்க இரண்டு ஓரங்களிலும் இருந்தால் போதும், நடுப்பகுதி சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் குழாய், நடுவில் வெறும் தரைவிரிப்பு என்று ரப்பர் படகைச் செய்கிறார்களே, அதன் சூட்சுமம் இதுதான்.

நேரில் பார்க்க ஆசையிருந்தால் தைப்பூசத்தன்று வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வாருங்கள். அவ்வளவு உயரத்துக்கு அலங்காரம் கட்டிய தெப்பத்தைக் கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்கிறார்கள். அது ஆடாமல் வருகிறது. அம்மன் இருக்கும்போது எப்படிச் சாயும் என்பார்கள். இருக்கட்டும். கட்டினவர்களும் அகலத்தில் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

மீன் குத்துகிறவருக்கு இந்தக் கணக்கு உறைக்கிற நேரம், தண்ணீரிலிருந்து திரும்பப் படகில் ஏறும்போது. கயாக்கின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கினால் உங்கள் எடை, படகின் நடுவிலிருந்து 37 சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது. தூக்கு மையத்தால் அவ்வளவு தூரம் ஓடிவர முடியாது. கயாக் உங்கள் தலைமேல் புரளும். அதனால் தொங்கக் கூடாது. உடம்பைத் தண்ணீர்மட்டத்தில் கிடையாக நீட்டி, துடுப்புச் செருப்பால் பலமாக உதைத்து, வயிறு குறுக்கே படியும்படி வழுக்கி ஏற வேண்டும். நெஞ்சு எதிர்ப்பக்கம் போனதும் எடை நடுவுக்கு வந்துவிடும். அப்புறம் திரும்பி உட்கார்ந்துகொள்ளலாம். மேல்தளம் மூடிய, மேலேயே உட்காரும் வகை கயாக்காகப் பார்த்து வாங்கினால், புரண்டாலும் தண்ணீர் துவாரங்கள் வழியே வடிந்துவிடும். நாலைந்து முறை பழகினால் கைவந்துவிடுகிற வித்தை இது. ரப்பர் படகு புரளாது. ஆனால் 40 சென்டிமீட்டர் உயரக் குழாயில் ஏற நல்ல தெம்பு வேண்டும்.

வெயில் சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 35 டிகிரியில் காற்றடித்த படகை மணலில் விட்டு டீ குடிக்கப் போனால், உள்ளே காற்று 60 டிகிரிக்குச் சுலபமாக ஏறும். மொத்த அழுத்தம் 8 சதவீதம்தான் கூடும். ஆனால் அந்த மொத்தத்தில் பெரும்பங்கு வெளிக்காற்றின் அழுத்தம். ரப்பர் தாங்குவது மிச்சத்தை மட்டும். 0.25 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இருந்த அந்த மிச்சம் 0.35 ஆகிவிடும், அதாவது 40 சதவீதம் ஏற்றம். ஒட்டுப் பிரிவது இப்படித்தான். கரையில் காற்றைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், தண்ணீரில் இறக்கியதும் மறுபடி அடியுங்கள். ஈட்டி முனைக்கு ரப்பர் மூடி கட்டாயம். கெளிறு முள்ளுக்கு மூடி போட முடியாதென்பதால் மீனைப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

இப்போது என் கட்சி. படகை எடைபோட வேண்டியது கடலில் வீசுகிற காற்றை வைத்து.

2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டதை மதுரைக்காரர்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. தண்ணீருக்குள் இறங்காத, தண்ணீருக்கு மேலே நிற்கிற லேசான பொருள் காற்றின் பேச்சைத்தான் கேட்கும். அட்டைகள் கரை ஒதுங்கின. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் நீரை மூடி ஆவியாவதைக் குறைப்பது உருப்படியான யோசனை. லாஸ் ஏஞ்சலஸில் 2015-இல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளைக் கொட்டினார்கள். முக்கிய நோக்கம் தண்ணீரில் வெயில் படாமல் தடுப்பது, ஆவியாவதும் குறைந்தது. காற்று அள்ளிக்கொண்டு போகாமலிருக்க ஒவ்வொரு பந்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். நம் ஊர்க் கல்லூரி ஒன்றுக்குக் கொஞ்சம் பணமும் ஒரு கண்மாயும் கொடுத்திருந்தால் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். மீம் போட்டதோடு விட்டுவிட்டோம்.

ரப்பர் படகின் சிக்கலும் அதேதான். அடிப்பாகம் தட்டை, தண்ணீருக்குள் பிடிமானம் இல்லை, மேலே கொழுத்த குழாய்கள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பக்கவாட்டில் மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று அடித்தால் ஒன்றரைக் கிலோ எடை அளவுக்கு இழுக்கும். 36 ஆனால் 6 கிலோ அளவுக்கு இழுக்கும். நீங்கள் தண்ணீருக்கடியில் களவா மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆளில்லாத படகு தன்பாட்டுக்குக் கிளம்பிவிடும். ஆளில்லாத கயாக்கும் நகரத்தான் செய்யும், ஆகவே எதுவானாலும் நங்கூரம் வேண்டும். வித்தியாசம் திரும்பி வரும்போது தெரியும். கயாக் ஒடுங்கிய மூக்கால் எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு வரும். ரப்பர் படகில் துடுப்பு போட்டால் கை ஓயுமே தவிரக் கரை கிட்டத்தில் வராது.

பாம்பன் பக்கத்தில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) குளம் மாதிரி கிடக்கும். மதுரையிலிருந்து போகிறவர் வடகடலைப் பார்த்ததும் இதுதான் நமக்கு என்று இறங்கிவிடுவார். அலை இல்லாததற்குக் காரணமே காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிப்பதுதான். கரையோரம் அலை எழும்ப இடமில்லை. படகை ஆழத்துக்குத் தள்ள மட்டும் காற்று தாராளமாக இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் இலங்கை எல்லையும் ரொம்பத் தூரமில்லை.

அதனால் மோட்டார் மாட்டுவதாக இருந்தால் ரப்பர் படகு, துடுப்புதான் என்றால் கயாக். 12 அடிக் கயாக் உங்கள் மாடிப்படி வளைவில் திரும்புமா என்று முதலில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மச்சானும் வருவதால் இருவர் உட்காரும் கயாக்காகவே பாருங்கள். ஒருவர் முங்கும்போது இன்னொருவர் மேலேயே இருக்க வேண்டும். மூச்சடக்கி முங்குகிறவர் மேலே வருகிற கடைசி சில மீட்டரில் நினைவு தப்பலாம். அப்படி நடந்தால் அவரைப் பிடிக்கத் தண்ணீரில் குதிக்கப்போவது மச்சான்தான். ஏறுகிற வித்தையை அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.