பஸ்ஸரைப் பின்னில் நேராக மாட்டாதீர்கள்

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் 61 நாள். படகுகள் ஓய்ந்து நிற்கும் அந்த நாட்களில்தான் கடலூர் முதுநகரில் உள்ள என் பட்டறையில் வேலை குவியும். ஜிபிஎஸ், வயர்லெஸ், எடைத் தராசு என்று வரிசையாக வரும். இந்த முறை ஒரு கையடக்கக் கணினியும் வந்தது.

மீன் ஏல வியாபாரி ஒருவரின் மகன், டிப்ளமோ படிக்கிற பையன், அப்பாவின் பெட்டிக் கணக்குக்காகச் செய்தது. ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற ஒற்றை போர்டு குட்டிக் கணினி, சின்னத் திரை, லித்தியம் பேட்டரி. நல்ல கைவேலை. ஆனால் சார்ஜ் தீர்ந்து திடீரென அணைந்ததில் மெமரி கார்டு இரண்டு தடவை கெட்டிருக்கிறது. பேட்டரி இறங்கினால் கத்தட்டுமே என்று 'பீப்' என்று கத்தும் 5 வோல்ட் பஸ்ஸர் ஒன்றை வாங்கி, ஜிபிஐஓ பின்னுக்கும் (கணினி சைகை அனுப்பும் கம்பிமுனை) கிரவுண்டுக்கும் (மைனஸ்) நடுவே பற்றவைத்துவிட்டான். பத்து நாள் கத்தியது. பிறகு அந்தப் பின்னே செத்துப்போனது.

"நல்லாத்தானேண்ணே ஓடிச்சு?"

அதுதான் வில்லங்கம். மாட்டிய அன்றே புகைந்திருந்தால் அன்றே பாடம் படித்திருப்பான். ராஸ்பெர்ரி பையின் பின் தருவது 3.3 வோல்ட், ஒரு பின்னில் 16 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. உள்ளே கம்பிச்சுருள் உள்ள காந்த பஸ்ஸரோ 30 வரை இழுக்கும். போதாததற்கு, நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சுருளிலிருந்து எதிர் மின்னழுத்தம் ஒன்று பின்னைத் திருப்பி உதைக்கும். சுருள் இல்லாத பீசோ வகை பஸ்ஸர் மின்சாரம் குறைவாகவே எடுக்கும். அதையும் நான் நேராக மாட்டுவதில்லை.

சரிசெய்ய ஆன செலவு டீக்காசுதான். பின்னுக்குப் பதிலாகப் பஸ்ஸரின் மின்சாரத்தைச் சுமக்க, பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால் உள்ள பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று; பின்னிலிருந்து அதன் பேஸுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்; எமிட்டர் கிரவுண்டுக்கு; பஸ்ஸர் 5 வோல்ட்டுக்கும் கலெக்டருக்கும் நடுவில். அந்த உதையை அடக்க, பஸ்ஸருக்குக் குறுக்கே 1என்4148 டையோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ஒன்று போட்டால், கணினி கண் விழிக்கும்போது பஸ்ஸர் வீணாக அலறாது. ஜிபிஐஓ 2, 3 மட்டும் வேண்டாம். அவற்றை 1.8 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்கு போர்டிலேயே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த 10 கிலோ அங்கே எடுபடாது. நான் 17-க்கு மாற்றினேன்.

கடையில் கேட்கும்போது 'ஆக்டிவ்' என்று சொல்லிக் கேளுங்கள். மின்சாரம் கொடுத்தாலே அது கத்தும். 'பாசிவ்' வாங்கிவிட்டு 'டிக்' என்று ஒரு சத்தம்தான் வருகிறது என்று வருபவர்கள் உண்டு; அதற்கு அலையை நாம்தான் அனுப்ப வேண்டும்.

சூட்டுக்கோலைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். உறை போன்ற மெத்து லித்தியம் பேட்டரியில் கோல் நுனி பட்டால் தீப்பற்றலாம். இதில் எனக்குக் கோபமே வரும். பேட்டரி மாட்டியபடியே பற்றவைத்து, அதையும் வீடியோ எடுத்துக் காட்டுகிறார்கள்.

முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும் செல், 3.5-க்குக் கீழே போனால் சரசரவென்று இறங்கிவிடும். ராஸ்பெர்ரி பையில் மின்னழுத்தத்தை நேராக அளக்க வழி கிடையாது; அதற்கென்று தனிச் சில்லு ஒன்று வைத்தோம். 3.5-இல் கத்தினால் கணக்கைச் சேமித்து ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். தொடர்ந்து கத்த விடாமல், மூன்று குட்டிச் சத்தம், பிறகு அரை நிமிடம் அமைதி என்று அமைத்தோம்.

பஸ்ஸர் சத்தம் வெளிவர வேண்டிய ஓட்டையைக் கணினிப் பெட்டியின் மேல்பக்கம் போட்டிருந்தான். ஐஸ் தண்ணீரும் உப்புக் காற்றும் நேராக உள்ளே. அதை அடைத்துவிட்டு அடிப்பக்கம் போட்டு, மெல்லிய துணி ஒட்டினேன்.

தடைக்காலம் முடிந்து பத்து நாளில் அப்பாவே வந்தார். "தம்பி, ஏலம் சூடா போறப்ப கத்துது. ஒரு சுவிட்ச் வெச்சு நிறுத்திடேன்."

வைத்தேன். அழுத்தினால் ஐந்து நிமிடம் சும்மா இருக்கும். பிறகு மறுபடி கத்தும். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.