டேப்பெட் சத்தத்தை அடக்காதீர்கள்

“அண்ணா, டேப்பெட் ரொம்ப அடிக்குது, கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க.” பழைய புல்லட்காரர்கள் பட்டறையில் வண்டியை நிறுத்தியதும் சொல்வது இதுதான். எஞ்சின் வால்வைத் திறக்கும் தள்ளலைக் கீழிருந்து கொடுக்கும் துண்டுதான் டேப்பெட்; அங்கே இடைவெளி கூடினால் அடிக்கும். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் வெந்து வந்த எஞ்சின், பக்கத்தில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டிலேயே மூடியைத் திறந்து, ஒரு கால் சுற்று இறுக்கி, சத்தம் நின்றதும் சாவியைக் கொடுத்து விடுவார்கள். மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வேலைக்காக எஞ்சின் ஆறும்வரை ஆறேழு மணி நேரம் காத்திருக்க எந்தக் கடைக்கும் கட்டுப்படியாகாது. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சின் வீட்டு பார்க்கிங்கில்தான் கிடைக்கும். அதனால்தான் இது வீட்டில் செய்ய வேண்டிய வேலை.

இங்கே சொல்வது வார்ப்பிரும்பு சிலிண்டர் உள்ள 350 சி.சி. புல்லட்டுக்கு. பின்னால் வந்த யு.சி.இ. (கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே கூட்டில்) எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பெட், எண்ணெய் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும், அதில் நாம் தொட ஒன்றுமில்லை. மைசூரில் செய்த ஜாவா, யெஸ்டிக்கும் ஆர்.எக்ஸ். 100-க்கும் இந்தக் கவலையே கிடையாது. டூ-ஸ்ட்ரோக்கில் இப்படி வால்வே இல்லை.

சத்தத்துக்கு ஏன் பயப்பட வேண்டாம், சத்தமின்மைக்கு ஏன் பயப்பட வேண்டும்? புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை எரிந்த சூடான வாயுவிலேயே குளிக்கிறது. அது வாங்கும் சூட்டில் பெரும்பகுதி, சீட்டில் (வால்வு அழுந்தி மூடும் வளையத்தில்) உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு, அதாவது சிலிண்டரின் மேல்பகுதிக்கு, இறங்கும். டேப்பெட் இறுகியிருந்தால் வால்வு முழுக்க உட்காராது. தலைமுடி அளவு இடுக்கு போதும், அதன் வழியே எரிந்த வாயு பீறிட்டு ஓரத்தை அரிக்கும். முதலில் ஐட்லிங் தடுமாறும், பிறகு காலையில் கிக் பிடிக்காது, கடைசியில் ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்ற வேண்டும். லூஸாக இருந்தாலும் கெடுதல்தான்: கேம் (டேப்பெட்டை ஏற்றி இறக்கும் சுழல் மேடு), டேப்பெட் அடி, ராக்கர் (மேலே வால்வை அழுத்தும் கை) எல்லாம் அடி வாங்கித் தேயும். ஆனால் அது சத்தம் போட்டு எச்சரிக்கும். இறுக்கம் வாயே திறக்காது.

சத்தம் டேப்பெட்தானா என்பதையும் முதலில் பாருங்கள். சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் கரி படிந்திருந்தால், அங்கே வாயு கசிந்து அடிக்கும் ‘டிக் டிக்’ டேப்பெட் போலவே கேட்கும். ஹெட் நட்டுகளை இறுக்கும் வேலை இருந்தால் அதை முன்னாலேயே முடித்துவிடுங்கள், இறுக்கினால் இடைவெளி மாறும்.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். பெட்ரோல் டேப்பை மூடி, சாவியை எடுத்து, பிளக்கைக் கழற்றுங்கள். வலது பக்கம் சிலிண்டரின் அடியில், ஒரே நட்டில் நிற்கும் டேப்பெட் மூடி இருக்கும். கீழே துணி போட்டுத் திறங்கள், கொஞ்சம் எண்ணெய் வடியும். உள்ளே இரண்டு புஷ்ராடுகள் (டேப்பெட்டின் தள்ளலை மேலே ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பிகள்), ஒவ்வொன்றின் அடியிலும் இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டர், அதை நகராமல் பூட்டும் லாக்நட், டேப்பெட்.

டாப் கியர் போட்டுப் பின்சக்கரத்தை முன்னோக்கி மெல்லச் சுற்றுங்கள். ஒரு டேப்பெட் ஏறி இறங்கும், பிறகு இன்னொன்று. எது இறங்கியதும் பிளக் துளையில் வைத்த கட்டைவிரலைக் காற்று தள்ளுகிறதோ, அது இன்லெட் (பெட்ரோல் கலவையை உள்ளே விடும் வால்வினுடையது). தள்ளும்போதே துளையில் ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை விட்டு, அது மேலேறி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிஸ்டன் தலையில் கீறல் விழும். இப்போது இரண்டு டேப்பெட்டும் கீழே இருக்க வேண்டும். பிஸ்டன் மேலே இருந்தும் காற்று தள்ளவில்லை என்றால் எக்ஸாஸ்ட் முடியும் இடத்தில் நிற்கிறீர்கள். இன்னொரு முழுச் சுற்று போக வேண்டும். இந்த இடத்தில் தப்பு செய்துவிட்டு அளவைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

இந்த எஞ்சினுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வேண்டாம், விரல்தான் கேஜ். புஷ்ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் துளியும் ஆடக் கூடாது. பென்சிலை விரலில் உருட்டுவது போல. எக்ஸாஸ்டுக்கு மட்டும் இன்னும் ஒரு மயிரிழை தளர்வாக விடுவது நல்லது. புஷ்ராடு அலுமினியக் கலவை, சிலிண்டர் இரும்பு, இரண்டும் சூட்டில் ஒரே அளவில் நீளாது. விரல் கணக்கு முழுக்க ஆறிய எஞ்சினுக்கு மட்டும்தான் பொருந்தும் என்பது அதனால்தான்.

அட்ஜஸ்ட் செய்ய மூன்று மெல்லிய ஸ்பேனர்கள் வேண்டும்: ஒன்று டேப்பெட்டைத் திரும்பாமல் பிடிக்க, ஒன்று லாக்நட்டுக்கு, ஒன்று மேலே உள்ள அட்ஜஸ்டருக்கு. சாதாரண ஸ்பேனர் தடிமன், உள்ளே நுழையாது. நுழைந்தாலும் முனையை உருட்டிவிடும். பழைய வண்டிகளில் பிரிட்டிஷ் அளவு நட்டுகளும் கலந்திருக்கும், மில்லிமீட்டர் ஸ்பேனரை அடித்து ஏற்றாதீர்கள். பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் புல்லட் டேப்பெட் ஸ்பேனர் செட் என்று கேட்டுப் பாருங்கள்.

அட்ஜஸ்டரை மேலே வெளியே எடுக்க எடுக்க இடைவெளி குறையும். சரியான இடத்தில் நிறுத்தி லாக்நட்டை இறுக்கினால், அது அட்ஜஸ்டரையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். செட் செய்த அளவு இறுக்கியபின் மாறிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி உருட்டிப் பாருங்கள். பிறகு எஞ்சினை முழுதாக இரண்டு சுற்று விட்டு, அதே இடத்துக்குக் கொண்டுவந்து மூன்றாம் முறை பாருங்கள். உருட்டும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால் புஷ்ராடு வளைந்திருக்கிறது, இல்லை அதன் முனை தேய்ந்திருக்கிறது. அட்ஜஸ்டரால் அது தீராது.

மூடியின் நடு நட்டை வெறியோடு இறுக்காதீர்கள். தகடு வளைந்து ஓரத்தில் எண்ணெய் கசியும், பிறகு எத்தனை கேஸ்கெட் போட்டாலும் நிற்காது.

பிளக்கைப் போட்டு, சாவி ஆஃபில், கிக்கரைக் காலால் மெல்ல அழுத்துங்கள். கம்ப்ரஷனில் அது தாங்கி நின்று, பிறகு மெதுவாக வழுக்கிப் போக வேண்டும். சைலன்சர் வாயில் ‘உஸ்’ என்றால் கசிவது எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட். அதற்கு முன் டிகம்ப்ரஸர் (கிக் அடிக்க எளிதாக சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் சிறு வால்வு) கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா பாருங்கள். அது இழுத்தபடியே இருந்தாலும் இதே போலக் கம்ப்ரஷன் இல்லாமல் போகும், டேப்பெட் மீது வீண்பழி விழும்.

அடுத்து திறக்கும்போது எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று குறித்துவையுங்கள். அடிக்கடி தளர்ந்தால் லாக்நட், இல்லை கேம், டேப்பெட் அடி தேய்மானம். எக்ஸாஸ்ட் மட்டும் திரும்பத் திரும்ப இறுகினால் வால்வு சீட்டுக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. அட்ஜஸ்டரை வைத்து நாளைக் கடத்தாமல் ஹெட்டை இறக்கிப் பாருங்கள்.