ஸ்ட்ரெயின்: கால்வழியா, திரிபா?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறக்கிக் கொண்டுவரப்பட்ட உறவினர் ஒருவருக்கு முதுகுத்தண்டில் நீர் எடுத்துச் சோதித்ததில், மூளையுறையில் காசநோய் என்றும், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு எதிர்ப்பு இல்லை என்றும் முடிவு வந்தது. உடனிருந்த பெரியவர், “எதிர்ப்புச் சக்தியே இல்லீங்களா?” என்று கலங்கிவிட்டார். கிருமி மருந்துக்கு அடங்கும் என்ற நல்ல செய்தி, ‘எதிர்ப்பு’ என்ற சொல்லால் உடம்பின் குறையாக அவர் காதில் விழுந்தது.

இந்நோயின் பெயரே சற்று வழிதவறியதுதான். காசம் என்பது வடமொழியில் இருமல். கிருமி மூளையுறையைத் தாக்கும்போதோ, இருமல் இல்லாமலே காய்ச்சலும் தலைவலியும் வாந்தியும் கழுத்து விறைப்புமாக நோய் வரக்கூடும். ஆயினும் காசநோய் என்பது நிலைபெற்றுவிட்ட சொல். அதை மாற்ற வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியது, ஒரே கிருமியினத்துள் தனி வழியாகப் பெருகிவரும் பிரிவைக் குறிக்கும் ‘ஸ்ட்ரெயின்’ என்பதற்கு நாம் வழங்கும் சொல். ஆங்கிலத்தில் இதே எழுத்துகளுடன் இரண்டு தனிச்சொற்கள் உள்ளன. இறுக்கம், களைப்பு என்ற பொருளுடையது இலத்தீனிலிருந்து வந்தது; கிருமியியலில் வழங்குவது, ஈட்டுதல், ஈன்ற மக்கள் என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அதாவது அது வமிசத்தைச் சுட்டுகிறது. கொரோனாக் காலத்தில் நம் செய்தித்தாள்கள் இதற்கும், மரபணு மாற்றத்துக்கும் சேர்த்துத் ‘திரிபு’ என்றே எழுதிப் பழக்கிவிட்டன.

திரிபு நமக்குப் புதிய சொல்லன்று. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ‘ன்’ என்பது ‘ற்’ ஆவதை நன்னூல் திரிதல் என்ற விகாரத்துள் அடக்கும். ஏரியும் காடும் சேர்ந்தே ஏற்காடு ஆயிற்று என்று சொல்லப்படும் ஊர்ப்பெயர் விளக்கத்திலும் இத்தகைய மாற்றமே பேசப்படுகிறது. காசநோய்க் கிருமியில் நிகழ்வதும் இதுதான். ரிஃபாம்பிசின் பற்றிக்கொள்ளும் நொதியை ஆக்கும் ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவின் 450ஆம் இடத்தில் ‘டி.சி.ஜி.’ என்ற மூன்றெழுத்துக் குறி ‘டி.டி.ஜி.’ ஆனால், அந்த நொதியில் செரின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் லியூசின் என்ற வேறொன்று அமர்கிறது; மருந்தின் பிடி நழுவிவிடுகிறது. ஓரெழுத்து மாறும் இந்நிகழ்ச்சிக்கே திரிபு என்ற பெயர் பொருந்தும்.

ஸ்ட்ரெயின் என்பது நிகழ்ச்சியன்று, வழிவழியாக வரும் கூட்டம். அதற்குச் சந்ததி என்று பொருள்படும் ‘கால்வழி’ என்ற பழஞ்சொல்லே ஏற்றது. மல்கோவாவுக்கும் காப்பிச் செடிக்கும் சேலத்தில் வழங்கும் ‘ரகம்’ எளிமையானதுதான். ஆனால் ரகம் என்றாலே மனிதன் தேர்ந்து வளர்த்தது என்ற நினைவு வருவதால் அது என் மனத்துக்கு ஒப்பவில்லை. காசநோய்க் கிருமிகளின் பெருங்கால்வழிகளை எண்ணிட்டே அழைக்கிறார்கள்: தென்னிந்தியாவில் முதலாவது மிகுதி, வட இந்தியாவில் மூன்றாவது, பெய்ஜிங் எனப்படுவது இரண்டாவதைச் சேர்ந்தது. இந்தப் பெய்ஜிங் கால்வழி பல நாடுகளில் பன்மருந்துக்கு அடங்காமையுடன் தொடர்புபடுத்தப்படுகிறது. எனினும் திரிபு எந்தக் கால்வழியிலும் தோன்றலாம். வியட்நாமில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, நான்காம் கால்வழி மூளையுறை நோயாளிகளைவிட நுரையீரல் நோயாளிகளிடமே கூடுதலாகக் காணப்பட்டதைக் காட்டியது. இந்த ஒரு வாக்கியத்தில் கால்வழி என்ற இடத்தில் திரிபு என்று எழுதிப் பார்த்தால் பொருள் குலைந்துவிடும்.

மூளையுறை நோயில் இச்சொற்களைப் பிரித்தறிவது வெறும் இலக்கணக் கவலையன்று. தண்டுவட நீரில் கிருமிகள் மிகக் குறைவு. வளர்த்துப் பார்க்க வாரங்கள் ஆகும். கிருமியின் மரபணுவைத் தேடும் எக்ஸ்பெர்ட் சோதனை இரண்டு மணி நேர அளவில் ரிஃபாம்பிசினுக்குரிய திரிபைத் தேடிச் சொல்லிவிடும். ஐசோனியாசிட் என்ற மற்றொரு காசநோய் மருந்துக்குரிய திரிபை அது தேடுவதில்லை. ஆனால் மூளை நீருக்குள் நன்கு நுழைவது ஐசோனியாசிட்தான். ரிஃபாம்பிசின் குறைவாகவே நுழையும். எனவே கிருமியின் கேட்ஜி என்ற மரபணுவின் 315ஆம் இடம் திரிந்து ஐசோனியாசிட் பயனற்றுப்போனால், இழப்பு நுரையீரல் நோயைவிட இங்கே பெரிது.

ஆகையால் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதை எதிர்ப்பு என்று எழுதாமல் ‘கட்டுப்படாமை’ என்று எழுதலாம். அப்போது நோயாளியின் எதிர்ப்புச் சக்தியோடு அது குழம்பாது. அந்தப் பெரியவருக்கு, “இவர் உடம்பில் உள்ள கிருமி ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும்; ஐசோனியாசிட்டுக்குக் கட்டுப்படுமா என்பதை இந்தச் சோதனை பார்க்கவில்லை” என்று சொல்லியிருந்தால், அவர் கலங்கியிருக்கமாட்டார்; அடுத்த சோதனை எப்போது என்று கேட்டிருப்பார்.